புங்கமரத்துக்குப் பேய் பிடிக்க வைத்த கதை

எங்கள் பழைய ஆபீசின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் தீபிகா, நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்த பெண். படத்தில் ஒரு மரம். முறுக்கிக்கொண்ட கிளைகள், பிளந்த அடிமரம், பின்னால் சிவந்த வானம், போதாததற்கு ஒரு முழு நிலா. கீழே எழுதியிருந்தாள்: "அங்கிள், ஒரே வரி டைப் பண்ணேன், பேய் மரம் ரெடி. உங்க காலத்துல இதெல்லாம் எப்படிப் பண்ணீங்க?"

'உங்க காலத்துல' என்பதைப் படித்ததும் எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது. நான் ரிட்டையர் ஆகி இன்னும் ஒரு கிறிஸ்துமஸைக் கூடத் தாண்டவில்லை. இருந்தாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரே குறை, அந்த மரம் எந்த ஊரிலும் முளைத்ததாகத் தெரியவில்லை. பெங்களூர் மரம் என்றால் இன்டர்நெட் கேபிள் சுற்றியிருக்க வேண்டும். ஆண்களுக்கான பி.ஜி. விடுதி விளம்பரம் ஒன்று ஆணியில் தொங்க வேண்டும். மின்சாரக் கம்பிக்காக ஒரு பக்கம் மொட்டையடித்திருக்க வேண்டும். இதெல்லாம் இருந்த ஒரு நிஜ மரத்துக்குப் பேய் பிடிக்க வைத்தவன் நான். அந்தக் கதையை டைப் செய்தால் கட்டைவிரல் கழன்றுவிடும் என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. பெங்களூர் லிங்கராஜபுரத்துக்காரன். ஆபீசில் ஆரோக். தொழில் கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்யாண வீடுகளில் விளக்கைத் தூக்கினேன், பிறகு கேமராவைத் தூக்கினேன், கம்ப்யூட்டர் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார இடம் கொடுத்தது அடுகோடியில் இருந்த ஒரு விளம்பரக் கம்பெனி. அங்கே படங்களைத் திருத்துவதற்கென்று ஒரு அறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். படத்தின் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் சுற்றிலும் வேறு நிறமே இருக்கக் கூடாதாம். அந்த அறையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் கழுதைக்குக்கூட மனச்சோர்வு வரும்.

வேலை என்னவோ சந்தோஷமான வேலைதான். மணப்பெண்ணின் பருவை எடுப்பது, கட்சிக்காரரின் வழுக்கையில் முடி நடுவது, செம்மண் மேட்டில் நின்ற அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றிப் புல்தரை விரித்து அதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை நடக்க விடுவது. உள்ளதைவிட அழகாகப் பொய் சொல்வதற்குச் சம்பளம், பி.எஃப்., வருடத்துக்கு ஒரு போனஸ். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிடும்போது இதைச் சொல்வதா வேண்டாமா என்று முதலில் குழம்பினேன். எங்கள் பங்குச் சாமியாரே தன் வெள்ளிவிழாப் படத்தில் தொப்பையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிய பிறகு அந்தக் குழப்பம் போய்விட்டது.

அந்த அறைக்கு ராணி ஃப்ளோரா மேடம். காக்ஸ் டவுனில் வீடு. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் மூக்குக்கண்ணாடி, கைப்பையில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவில் பிரஷ் வைத்துத் திருத்திய காலத்திலிருந்து தொழிலில் இருந்தவர். படம் முடிந்துவிட்டது என்று சொன்னால் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். பிறகு ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடிப்பார். புதிதாக வந்தவர்கள் அவர் தலை சீவுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பார்ப்பது கண்ணாடியில் தெரியும் நம் படத்தை. ஒரே படத்தை நாள் முழுக்கப் பார்த்தால் கண் மழுங்கிவிடும், தப்பு தெரியாது. அதையே இடவலம் மாற்றிப் பார்த்தால் புதுப் படம் மாதிரி ஆகிவிடும், தப்பெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"ஆரோக், இந்தப் பொண்ணுக்குக் கழுத்து எங்கப்பா? தாலி கட்ட வர்றவன் எங்க கட்டுவான்?" என்பார். பார்த்தால் நிஜமாகவே கழுத்தைப் பாதி தின்றிருப்பேன்.

பிறகு கம்ப்யூட்டரிலேயே படத்தை இடவலம் மாற்றும் வசதி வந்தது. கண்ணாடி கைப்பைக்குள் போனது. மேடம் பின்னால் வந்து நின்று "திருப்பு" என்பார். திருப்புவோம். பார்ப்பார், திட்டுவார், அல்லது "ம்" என்பார். கடைசியில் மறுபடி "திருப்பு" என்பார். படத்தைப் பழையபடி நேராக்குவோம். இரண்டாவது 'திருப்பு'தான் எங்கள் அறையில் ஆமென். அது காதில் விழுந்தால் வேலை முடிந்தது. அதன் பிறகு மேடம் தன் கையாலேயே படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்புவார். அந்த இரண்டாவது 'திருப்பு' இல்லாமல் எந்தப் படமும் வெளியே போனதில்லை. ஒரே ஒரு படத்தைத் தவிர.

அந்தப் படத்தைக் கேட்டு வந்தவன் நவீன், ஒரு பில்டரின் சைட் மேனேஜர். எங்களுக்குப் புல்தரை வேலை கொடுக்கும் பில்டர்தான். காதில் எப்போதும் ப்ளூடூத்தின் நீல விளக்கு எரிய, தமிழில் கன்னடம் கலந்து, பாதிப் பேச்சு யாரிடம் என்றே தெரியாதபடி பேசுவான்.

"சார், நம்ப ஃப்ரெண்டு ஒர்த்தரு ஹாரர் பிக்சர் மாட்றாரு. போஸ்டருக்கு ஒரு மரா பேக்கு. காக்ஸ் டவுன்ல ஒரு ஹொங்கே மரா இதே, அதையே போட்டோ எடுங்க. நோட்னாலே பயா வரணும். சாஞ்சு விழற மாரி, உள்ள எல்லாம் செத்த மாரி."

எனக்குக் கொண்டாட்டம். இத்தனை வருடம் எதையும் அழகாக்கியே கை அலுத்துப் போனவனிடம் ஒருவன் வந்து அசிங்கப்படுத்து என்கிறான். கேமராவை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே போனேன்.

பாழடைந்த பங்களா ஒன்றின் வாசலை ஒட்டி, நடைபாதையில் நின்றது மரம். கிழட்டுப் புங்கமரம், நவீன் கன்னடத்தில் சொன்ன ஹொங்கே. அடிமரம் முழுக்க முண்டு முண்டாகப் புடைத்து, வாதம் வந்த முழங்கால் மாதிரி இருந்தது. இலை உதிரும் பருவம், கிளையில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. ரோட்டில் நின்று பார்த்தால் இடது பக்கம் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தின் மதில், வலது பக்கம் பங்களா. மரம் லேசாக இடது பக்கம், பள்ளிக்கூடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கத்திலேயே ஒரு பொந்து, பொந்தில் கிளிகள். அடியில் ஓர் இஸ்திரி வண்டி. பெட்டியில் கரியைப் போட்டு ஊதிக்கொண்டிருந்தார் முனியம்மா அக்கா. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த இடத்தில்தான் அவருக்குப் பிழைப்பு.

"இன்னா சாரே, மரத்தப் புடிக்கிற? என் வண்டி வுழுமா?"

"வண்டி இல்லக்கா, மரம் மட்டும். சினிமாவுக்கு."

"அப்போ நானு நல்ல பொடவ கட்டிக்கினு வர வேணாம்."

தரையோடு தரையாகப் படுத்து, அகலமான லென்ஸைப் போட்டு, மரத்தின் வயிற்றுக்கு அருகே போய் எடுத்தேன். அப்படி எடுத்தால் முண்டெல்லாம் நம் மேல் பாய்கிற மாதிரி பெருத்துத் தெரியும். மேகமூட்டமான காலை, நிழலே இல்லை. எங்களுக்கு அதுதான் வேண்டும். நிழல் இல்லாமல் எடுத்தால், பிறகு நம் இஷ்டத்துக்கு நிழல் போட்டுக்கொள்ளலாம்.

ஆபீசுக்கு வந்து ஆரம்பித்தேன். இஸ்திரி வண்டியை எடுத்தேன், கேபிளை எடுத்தேன், பி.ஜி. விளம்பரம், பல் டாக்டர் விளம்பரம், தேர்தல் ஸ்டிக்கர், ஆணியில் அறைந்த சாமி டைல்ஸ், கிளி, யாருடைய ஸ்கூட்டரோ, எல்லாவற்றையும் எடுத்தேன். பச்சையை இறக்கிச் சாம்பலாக்கினேன். சாய்வைக் கூட்டினேன். பொந்துக்குள் இருட்டை ஊற்றி, இரண்டு முண்டுகளைக் கண்ணாக்கி, ஒரு முகமே கொண்டுவந்து மேடத்தைக் கூப்பிட்டேன். நானே அதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்திருந்தேன்.

"திருப்பு" என்றார் மேடம். திருப்பினேன். நெடுநேரம் பார்த்தார்.

"பயமா இல்லையே ஆரோக். பாவமா இருக்கு. பல்லு வலிக்குது போல."

மறுபடி பார்த்தேன். தாடையைப் பிடித்துக்கொண்டு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஆளைப் போலவேதான் இருந்தது.

"முகத்தை எடு. மரத்துக்கு எதுக்கு மூஞ்சி? நிழலை மேல இருந்து போட்டிருக்க, கீழ இருந்து போடு. வெளிச்சம் கீழ இருந்து வந்தா யாரைப் பார்த்தாலும் பயமா இருக்கும், உன்னையும் சேர்த்து. அப்புறம் அந்தச் சுவர் ரெண்டையும் தூக்கு. சுவர் இருந்தா ஊரு இருக்குன்னு அர்த்தம், ஊரு இருந்தா யாரு பயப்படுவாங்க?"

சுவர்களைப் பனியில் கரைத்தேன். ஒவ்வொரு முண்டுக்கும் கீழிருந்து வெளிச்சம் கொடுத்தேன். பட்டையில் விரிசல் வேண்டியிருந்தது. அந்த மரத்தின் பட்டையிலேயே நெருங்கிப் போய் எடுத்தால்தான் ஒட்டு தெரியாது. அதற்காக இரண்டாம் முறை காக்ஸ் டவுன் போனேன். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது.

"சினிமாவுமில்ல ஒண்ணுமில்ல சாரே," என்றார் முனியம்மா அக்கா. முதல் முறை பேசிய கேலி போன இடம் தெரியவில்லை. "பங்களாவ இடிச்சு பில்டிங் கட்டப் போறாங்கோ. காருங்கோ கீழ எறங்குற கேட்டு இங்கதான் வருதாம். ஸ்கூல் மேல வுழுற மரம்னு எழுதிக் குடுத்துட்டாங்கோ. மரத்த வெட்ட உத்தரவு குடுக்கிற ஆபீசரு ஜீப்புல வருவாராம், போட்டோவப் பாப்பாராம், ஜீப்புக் கண்ணாடி வழியா மரத்தப் பாப்பாராம், கையெழுத்து போட்டுட்டுப் பூடுவாராம். வாட்ச்மேனு சொன்னாரு. மரமும் போயி கேட்டும் வந்துட்டா நான் வண்டிய எங்க இஸ்துக்கினு போவேன்? பொண்ணு நர்சு படிக்குது சார்."

நவீன் கேட்ட படம் சினிமாவுக்கல்ல, மரத்தை வெட்டுவதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. கையில் இருந்த கேமராவை எங்கே ஒளித்துக்கொள்வது என்று தெரியவில்லை. பட்டையைப் படம் எடுக்காமலே திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். அவர் கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆர்டர் வாங்கியாச்சு, நாளைக்குக் குடுக்கணும்" என்றார்.

"மேடம், அந்த அக்கா..."

"நாம செய்யலைன்னா வேற ஒருத்தன் செய்வான். அதுவும் கேவலமா செய்வான். உனக்கும் எனக்கும் வேலை போகும், மரமும் போகும். முடி."

"நீங்க தினமும் அந்த மரத்தடியிலதானே பஸ் ஏறுறீங்க?"

"முடின்னு சொன்னேன் ஆரோக்."

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. மறுநாள் முழுக்கப் பேசவில்லை. விரிசலுக்கு வேறொரு மரத்தின் பட்டையை எடுத்து ஒட்டினேன். கோபத்தில் செய்ததாலோ என்னவோ, படம் அபாரமாக வந்துவிட்டது. பார்த்தால் அந்தத் தெருவில் போகவே மனம் வராது. இதைப் பார்த்துவிட்டு எவனும் கையெழுத்துப் போடாமல் இருக்க மாட்டான் என்று தெரிந்தது, அழுகை வந்தது. மேடம் பின்னால் வந்து நின்றார். 'திருப்பு' என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. நானாகவே திருப்பினேன். பார்த்தார். "ம்" என்றார். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது படம் நவீனுக்குப் போயிருந்தது.

அதற்குச் சில வாரம் கழித்து நடந்ததை முனியம்மா அக்கா வாயாலேயே கேட்டேன். என்னைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஜீப்பு வந்துச்சு சாரே. ஆபீசரு எறங்கல. போட்டோவப் பாத்தாரு, மரத்தப் பாத்தாரு. மறுக்கா போட்டோவப் பாத்தாரு. கதவத் தொறந்து எறங்கிட்டாரு. போட்டோல மரம் பங்களா பக்கம் சாயுது, இங்க ஸ்கூல் பக்கம் சாயுது. அதுல பொந்து அந்தாண்ட, இதுல இந்தாண்ட. மரத்த ஒரு சுத்து சுத்தி வந்தாரு. 'இது பேரே மர', வேற மரம்னுட்டாரு. எந்த ஊரு மரத்தையோ போட்டோ புடிச்சு எங்கிட்டயே குடுக்கிறியான்னு அந்தக் காதுல லைட்டு எரியற பையனப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. அவனுக்குப் பேச்சே வரல."

எப்படி வரும்? அதே மரம்தான், கம்ப்யூட்டரில் இடவலம் மாறிவிட்டது என்றால் வேறு என்னவெல்லாம் மாறியது என்று அடுத்த கேள்வி வரும். திரும்பியிருப்பதைக் காட்டிக்கொடுக்கப் படத்தில் ஓர் எழுத்தாவது இருந்ததா? ஒரு போர்டு, ஒரு நம்பர் பிளேட், ஒரு பி.ஜி. விளம்பரம்? எல்லாவற்றையும் நான்தான் பொறுக்கி எடுத்திருந்தேனே. சுவர்களையும் மேடம் தூக்கச் சொல்லியிருந்தார்.

"யாரு பண்ணாங்கன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டேன். ஃப்ளோரா மேடத்தின் பெயரைச் சொல்லிவிட எனக்கு வாய் துடித்தது.

"யாரு பண்ணுவா? யாரும் பண்ணல. மரமே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு சாரே."

நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ஏனென்றால் உண்மை எனக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒரு முறைகூட இரண்டாவது 'திருப்பு' சொல்ல மறக்காத மனுஷி, என்னிடம் "முடி" என்று சீறிவிட்டு, நான் டீ குடிக்கப் போன நேரத்தில் படத்தை அப்படியே அனுப்பியிருக்கிறார். அன்று மாலையே அதற்குச் சாட்சியும் கிடைத்தது. நவீன் போன் செய்து கத்தினான், ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது. மேடம் குரல் உயரவே இல்லை.

"தம்பி, நீங்க கேட்டது சினிமா போஸ்டருக்குத்தானே? போஸ்டர்ல மரம் எந்தப் பக்கம் சாஞ்சா என்னப்பா?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் புன்னகைத்தேன். அவரும் லேசாகப் புன்னகைத்தார். அவ்வளவுதான், அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பெரிய மனிதர்களுக்குள் பேச்சு எதற்கு?

பில்டர் மறுபடி மனுப் போட்டு அலையப் பயந்து கேட்டைப் பக்கத்துத் தெருப் பக்கம் மாற்றிக்கொண்டான். பில்டிங் முடிந்ததும் விளம்பரத்துக்கு எங்களிடமே வந்தான். 'நூற்றாண்டு மரத்தின் நிழலில் உங்கள் இல்லம்' என்று தலைப்பு. அதே புங்கமரத்துக்கு இலை வைத்துக் கொடுத்தோம். கிளியையும் திருப்பிக் கொடுத்தோம். முனியம்மா அக்கா அந்த பில்டிங்கின் சட்டைகளையெல்லாம் தேய்க்கிறார். பெண் நர்சாகிவிட்டது.

அன்றிலிருந்து மேடம் எவ்வளவு திட்டினாலும் நான் வாயைத் திறந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு என் மனைவி சுடும் கல்கல் பலகாரத்தில் முதல் டப்பா மேடத்துக்குத்தான். அவரும் என்னிடம் மாறிவிட்டார். கம்பெனி கைமாறி ஆள் குறைத்தபோது எங்கள் அறையில் பாதிப் பேர் போனார்கள். பட்டியலில் என் பெயரும் இருந்ததாம். மேடம் மேலே போய்ச் சண்டை போட்டு என் பெயரை எடுக்க வைத்தார். காரணம் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனுஷி, அதனால் செய்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபிகாவின் பேய் மரம் வந்த மறுநாள் மேடத்தைப் பார்க்கப் போனேன். அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். இப்போது மூக்குக்கண்ணாடி இன்னும் தடிமன். படத்தைப் பார்த்தார். என் போனில் படத்தை எப்படித் திருப்புவதென்று தெரியாமல் கைப்பையைத் துழாவி அந்தப் பழைய கண்ணாடியை எடுத்தார். கண்ணாடியில் பார்த்து, "நிலா ஒரு பக்கம், நிழலும் அதே பக்கம்" என்றார். பிறகு என் கையைத் தட்டினார்.

"உன் தைரியம் யாருக்கும் வராது ஆரோக். நான் அவ்ளோ கோபமா நிக்கறேன், நீ படத்தைத் திருப்பினபடியே விட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம எழுந்து போற. அனுப்பறதுன்னா அனுப்பு, இல்லைன்னா விடுன்னு என் கையில குடுத்துட்டுப் போன. ஆபீசர் கதையைக் கேட்டப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அன்னைக்கு முடிவு பண்ணேன், இவனை விடக் கூடாதுன்னு."

"மேடம், நீங்கதானே அதைத் திருப்பாம அனுப்பினீங்க?"

"நானா? நீ நேராக்கியிருப்பன்னு நினைச்சு அனுப்பினேன்."

"நான் டீ குடிக்கப் போனேன் மேடம். கோபத்துல திருப்ப மறந்துட்டேன்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் சம்பளம், என் பென்ஷன், அவருக்குப் போன அத்தனை கல்கல் டப்பா, எல்லாம் இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்ததன் மேல் நின்றிருக்கிறது. முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு மேடம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாவை அதுவரை மதித்ததைவிட அன்றைக்கு எனக்கு அதிகமாகப் பிடித்துப் போனது.

பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று மேடம் மரத்தடி வரை கூடவே வந்தார். முனியம்மா அக்கா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

"அந்தப் போட்டோ விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரிக்கா," என்றேன். "யாரும் பண்ணல."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சட்டையைப் புரட்டிப் போட்டார்.

"இத்தச் சொல்றதுக்கா ரெண்டு பேரும் சேந்து வந்தீங்கோ?"